பாவக்காய்ப் பந்தலுக்கு வந்த ஈ – ஒரு பெயரின் வரலாறு

வரலாறு படிக்கிற பையனுக்கு ஈயோடு என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது இப்போதே காதில் விழுகிறது. கடைசி வரை படித்துப் பாருங்கள். இதுவும் வரலாறுதான். ராஜா, போர், உடன்படிக்கை எதுவும் இதில் கிடையாது, அவ்வளவுதான்.

எங்கள் ஆச்சி வீடு திருச்செந்தூரில் கோயில் பக்கம் இல்லை. ஊருக்கு வெளியே, குலசேகரன்பட்டினம் போகிற ரோட்டுப் பக்கம் புதிதாக மனை போட்ட இடத்தில் இருக்கிறது. மண் எல்லாம் மணல். வீட்டுக்குப் பின்னால் ஆச்சி ஒரு சின்னத் தோட்டம் வைத்திருக்கிறாள். ஒரு மாமரம், ஒரு கொய்யா, ஒரு துளசி மாடம், வேலி ஓரம் தானாக முளைத்த ஆமணக்கு, நடுவில் பாவக்காய்ப் பந்தல். பாகற்காய் என்று புத்தகத்தில் எழுதுவோம், எங்கள் வீட்டில் பாவக்காய்தான்.

போன பருவத்தில் அந்தப் பந்தலில் ஒரு காய்கூட உருப்படியாகத் தேறவில்லை. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் ஒரு பக்கம் வளையும். தோலில் ஊசி குத்தினது போல ஒரு புள்ளி, அதில் பிசின் மாதிரி ஒரு துளி. நாலைந்து நாளில் காய் பழுக்காமலே மஞ்சளாகி வெம்பிவிடும். உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும்.

“எய்யா, எவ கண்ணு பட்டுச்சோ தெரியல, ஒரு பிஞ்சும் நிக்க மாட்டேங்கு” என்றாள் ஆச்சி. பந்தல் காலில் ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டாள். அதையும் மீறிப் புழு வந்தது. ஆச்சி வெம்பின காய்களைப் பறித்துக் குப்பைக்குழியில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் படித்தவன் இல்லையா, சும்மா இருப்பேனா? பழ ஈ என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பொறி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் “மாமரத்துக்கா, காய்கறிக்கா?” என்று கேட்டார். பழ ஈக்குத்தானே, எதுவானால் என்ன என்று நினைத்து “எதுன்னாலும் சரி அண்ணாச்சி” என்றேன். ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மருந்தில் ஊறின மரத்துண்டு. பந்தலில் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன்.

இரண்டே நாளில் டப்பாவில் ஐம்பது அறுபது ஈ! எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆச்சி எல்லோரிடமும் காட்டினாள். ஆனால் அடுத்த வாரமும் பாவக்காய் வெம்பியது. அதற்கு அடுத்த வாரமும் வெம்பியது. டப்பாவில் ஈ நிறைகிறது, காயில் புழுவும் குறையவில்லை. இது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் பீகார், ஹவாய், ஜப்பான் என்று சுற்ற வேண்டியதாயிற்று.

இரண்டு கோடா, மூன்று கோடா?

முதலில் செய்த காரியம் இதுதான். வெம்பின பாவக்காய் ஒன்றை எடுத்து, அடியில் மணல் போட்ட ஒரு பெரிய பாட்டிலில் வைத்து, வாயைத் துணியால் கட்டி ஓரமாக வைத்தேன். சில நாளில் புழுக்கள் காயை விட்டு வெளியே வந்தன. இந்தப் புழு உடம்பை வில் போல வளைத்துத் துள்ளும், நீங்கள் பார்க்க வேண்டும்! துள்ளித் துள்ளி மணலுக்குள் போய்ப் புதைந்துவிட்டன. இன்னும் ஒன்பது பத்து நாள் கழித்து ஒரு காலை பாட்டிலுக்குள் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. எது இந்தக் காயைக் கெடுத்தது என்பதில் இனிமேல் சந்தேகம் இல்லை. காய்க்குள்ளிருந்து வந்தவனே குற்றவாளி.

பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்தேன். பிறகு பாட்டில் ஈ ஒன்று, பொறி ஈ ஒன்று என்று வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வீட்டு ஈயை விடக் கொஞ்சம் ஒல்லி, பழுப்பும் மஞ்சளுமாகக் குளவி மாதிரி நிறம். ஆனால் குளவிக்கு நாலு இறக்கை, ஈக்கு இரண்டுதான். ஆகவே இது குளவி இல்லை. பெண் ஈக்கு வால் பக்கம் கூராக இருக்கும். அது கொடுக்கு இல்லை, முட்டை இடும் ஊசி. மனிதரைக் கொட்டாது, காயைத்தான் குத்தும்.

கிட்டப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது.

பொறியில் விழுந்த ஈக்கு முதுகு கறுப்பு. அதில் இரண்டு பக்கமும் இரண்டு மஞ்சள் கோடு. இறக்கை கண்ணாடி மாதிரி, முன் ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கரை.

காயிலிருந்து வந்த ஈக்கு முதுகு செம்பழுப்பு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் கோடு, அதோடு நடுவில் மூன்றாவதாக ஒரு மஞ்சள் கோடு. இறக்கை நுனியில் பெரிய கறுப்புப் பொட்டு. இறக்கைக்கு உள்ளே குறுக்கு நரம்பு ஒன்றின் மேலும் மை தடவினது போல ஒரு கறை.

ஆக, இரண்டும் வேறு வேறு இனம். பொறியில் விழுந்தது மாம்பழ ஈ, பேக்ட்ரோசெரா டார்ஸாலிஸ். ஆச்சியின் பாவக்காயைத் தின்றது பூசணி வகைக் காய்களின் ஈ, ஸியூகோடேகஸ் குகுர்பிட்டே. குகுர்பிட்டே என்றால் பூசணிக் குடும்பத்துக்கு உரியது என்று அர்த்தம். பாகல், புடல், பீர்க்கு, வெள்ளரி, பூசணி எல்லாவற்றிலும் முட்டை இடும். ஒரு மாதமாக நான் பக்கத்து மாமரத்து ஈக்களைப் பிடித்துப் பாவக்காயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் :-)

இங்கே ஒரு சின்ன விளக்கம். பள்ளியில் மரபியல் பாடத்தில் வரும் டிரோசோபிலாவையும் பழ ஈ என்றுதான் தமிழில் எழுதுகிறார்கள். வாழைப்பழத் தாரைச் சுற்றும் அந்தச் சின்னஞ்சிறு செங்கண் ஈ வேறு குடும்பம். அது பெரும்பாலும் அழுகின பழத்தைத் தேடி வருவது. நம் கதாநாயகன் நல்ல காயைக் குத்தி அழுக வைப்பவன். ஒரே பெயர் இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பூசாவில் ஒரு கைக்குட்டை

சரி, ஏன் என் பொறியில் ஒரு ஈ வகை விழுந்து இன்னொன்று விழவில்லை? இதற்குப் பதில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம் நாட்டில் கிடைத்துவிட்டது.

பீகாரில் பூசா என்று ஓர் ஊர். 1905ல் கர்சன் பிரபு காலத்தில் அங்கே விவசாய ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடை அதற்கு உதவியது. 1934 பீகார் நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமாகி, 1936ல் நிலையம் டெல்லிக்குப் போய்விட்டது. டெல்லியில் இருக்கும் இடத்துக்கும் பூசா என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பழைய பூசாவில் ஃபிராங்க் மில்பர்ன் ஹவ்லெட் என்ற பூச்சி நிபுணர் வேலை பார்த்தார். அவருக்குத் தெரிந்த அக்கம்பக்கத்தவர் ஒருவர் கொசு கடிக்காமல் இருக்க சிட்ரோனெல்லா எண்ணெயைக் கைக்குட்டையில் தெளித்து வைத்திருக்கிறார். கொசு போனதோ இல்லையோ, ஈக்கள் வந்து கைக்குட்டையில் மொய்த்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் எண்ணெயைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஹவ்லெட் அந்த ஈக்களைப் பிடித்துப் பார்த்தார். பழ ஈக்கள். அதிலும் எல்லாம் ஆண்! 1912ல் சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு இரண்டு வகைப் பழ ஈக்கள் வருவதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1915ல் அடுத்த படி போனார். எண்ணெயில் இருக்கும் எந்தப் பொருள் ஈயை இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, மெத்தில் யூஜினால் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்.

என் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்த மருந்து இதுதான். பூசாவில் கைக்குட்டையில் தொடங்கிய கதை நூறு வருஷம் கழித்து திருச்செந்தூர் பந்தலில் தொங்குகிறது.

நம் வீட்டுத் துளசியிலும் இந்த மெத்தில் யூஜினால் உண்டு. துளசி இலையைக் கசக்கி வைத்தால் மாமர ஈக்கள் வந்து உட்காரும். மாந்தோப்புகளில் துளசியைப் பொறியாக வைக்கிறவர்களும் உண்டு. ஆச்சி தினமும் விளக்கேற்றுகிற துளசி மாடத்திலேயே மருந்து இருந்திருக்கிறது. ஆனால் அது மாமரத்துக்கான மருந்து.

பாவக்காய் ஈக்கு மெத்தில் யூஜினாலில் ஆசை இல்லை. அதை இழுக்கும் பொருள் கிடைக்க இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1957ல் அனிசில் அசிட்டோன் என்ற பொருளுக்கு அது வருகிறது என்று கண்டார்கள். அதைவிட வலுவான கியூலூர் என்ற பொருளைப் பற்றி 1960ல் எழுதினார்கள். இரண்டுமே அமெரிக்க ஆராய்ச்சி. கடைக்காரர் அண்ணாச்சி “மாமரத்துக்கா, காய்கறிக்கா” என்று கேட்டாரே, அந்த ஒரு கேள்விக்குள் 1915க்கும் 1960க்கும் நடுவிலான இத்தனை உழைப்பும் இருக்கிறது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

நம்மூர் ஈக்கு ஹவாயில் பெயர்சூட்டு விழா

இனி பெயருக்கு வருவோம். ஸியூகோடேகஸ் குகுர்பிட்டே என்ற பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் கோகிலெட், 1899 என்று போடுவார்கள். முதலில் விவரித்துப் பெயர் வைத்தவர் பெயரும் வருஷமும் அது. அமெரிக்க அரசு விவசாயத் துறையில் ஈக்களை அடையாளம் காணும் வேலையில் இருந்தவர் டேனியல் வில்லியம் கோகிலெட். அவர் கையில் இருந்த மாதிரிகள் இந்தியாவிலிருந்து வந்தவை இல்லை. ஹவாயிலிருந்து வந்தவை!

இந்த ஈயின் தாயகம் இந்தியத் துணைக்கண்டமும் அதை ஒட்டிய ஆசியப் பகுதியும் என்பதே பெரும்பாலானோர் கருத்து. அப்படியானால் நம் முப்பாட்டிமார் பந்தலிலும் இது இருந்திருக்க வேண்டும். காய் வெம்புவதும் புழு விழுவதும் நம் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். பிறகு ஏன் பசிபிக் கடலின் நடுவில் இருக்கும் ஒரு தீவில் பெயர் வைத்தார்கள்?

காரணம் எளிது. 1895 வாக்கில் இந்த ஈ கப்பலில் வரும் காய்கறிகளோடு ஹவாய் போய்ச் சேர்ந்தது. அங்கே முலாம்பழம், தர்பூசணி, வெள்ளரி எல்லாம் நன்றாக விளைந்துகொண்டிருந்தது. ஈ வந்த சில வருஷங்களில் அந்தப் பயிர் எல்லாம் நாசம். 1898ல் அமெரிக்கா ஹவாயைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கலிபோர்னியாவுக்கும் இது வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். அடுத்த வருஷமே ஈக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 1917ல் பேக், பெம்பர்டன் என்ற இருவர் ஹவாயின் இந்த ஈயைப் பற்றி ஒரு தனி அறிக்கையே எழுதினார்கள்.

நம் ஊரில் அது காலம் காலமாக இருக்கிற தொல்லை. திருஷ்டி, வெம்பல், சொத்தை, புழு என்று சொல்லிவிட்டுப் போவோம். அங்கே அது புதிதாக வந்த எதிரி. புதிதாக வந்தவனைத்தான் யார், எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். ஊரிலேயே இருப்பவனை யாரும் விசாரிப்பதில்லை. தமிழில் இந்த ஈக்கென்று தனிப்பெயர் இல்லாமல் போனதற்கும் இதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது. நாம் பார்த்தது எல்லாம் காய்க்குள் இருக்கும் புழுவை. ஈ வந்து குத்திவிட்டுப் போவதை யாரும் பார்க்கவில்லை.

மாம்பழ ஈயின் கதை இன்னும் சிக்கல். டென்மார்க்காரரான ஃபாப்ரீசியஸ் 1794லேயே அதற்கு மஸ்கா ஃபெருஜினியா என்று பெயர் வைத்துவிட்டார். ஆனால் அதே பெயரை 1763ல் ஸ்கோபோலி என்பவர் வேறொரு ஈக்கு வைத்திருந்தார். ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே ஃபாப்ரீசியஸின் பெயர் செல்லாது. கடைசியில் 1912ல் ஆஸ்திரியாவின் ஹெண்டல், தைவானில் பிடித்த ஈக்களை வைத்துச் சூட்டிய டார்ஸாலிஸ் என்ற பெயரே நிலைத்தது. அந்த 1912லேயே இங்கே ஹவ்லெட் கைக்குட்டைக் கட்டுரையை வெளியிட்டுக்கொண்டிருந்தார்.

குளவியைத் தேடி வந்தவர்

ஹவாய்க்காரர்கள் பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. அந்த ஊரில் ஈக்கு எதிரி இல்லை, அதனால்தான் இப்படிப் பெருகுகிறது, எதிரியை அதன் சொந்த ஊரில் தேடுவோம் என்று முடிவு செய்தார்கள். டேவிட் ஃபுல்லவே என்ற ஹவாய் அரசுப் பூச்சியியலாளர் அதற்காக இந்தியாவுக்கு வந்தார். 1916ல் ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுபோனார். இந்தக் குளவி, காய்க்குள் இருக்கும் ஈப்புழுவின் உடம்பில் முட்டை இடும். குளவிக்குஞ்சு புழுவைத் தின்று வளரும்.

அந்தக் குளவிக்கு இத்தாலியின் சில்வெஸ்திரி 1916ல் ஓபியஸ் ஃப்ளெட்சரி என்று பெயரிட்டார். இப்போது சிட்டாலியா ஃப்ளெட்சரி என்கிறார்கள். ஃப்ளெட்சர் யார் என்று பார்த்தால், நம் பக்கத்து ஆள்! தாமஸ் பெயின்பிரிக் ஃப்ளெட்சர் முதலில் சென்னை மாகாணத்தின் அரசுப் பூச்சியியலாளராகக் கோயம்புத்தூரில் இருந்து, பிறகு பூசாவுக்கு இம்பீரியல் பூச்சியியலாளராகப் போனவர். 1914ல் சென்னையில் வெளியான தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய அவருடைய புத்தகம் அந்தக் காலத்தில் பெரிய வழிகாட்டி. அந்த வழியில் கோயம்புத்தூரில் வேலை செய்த டி.வி. ராமகிருஷ்ண ஐயர், 1940ல் தென்னிந்தியாவுக்கான பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டை எழுதினார்.

குளவி ஹவாயில் வெற்றி பெற்றதா? பாதி. காட்டில் தானாகப் படர்ந்த சின்னப் பாவக்காய்களில் நன்றாக வேலை செய்தது. தோட்டத்துப் பெரிய காய்களில் அவ்வளவாக இல்லை. காய் தடிமனாக இருந்தால் புழு ஆழத்தில் இருக்கும், குளவியின் ஊசி எட்டாது என்பது ஒரு காரணம்.

1950களில் ஹவாயில் நிஷிடா என்பவர் இன்னொன்றைக் கவனித்தார். இந்த ஈ நாள் முழுக்கப் பந்தலில் இருப்பதில்லை. முட்டை இட மட்டும் உள்ளே வரும். மற்ற நேரம் ஓரத்தில் இருக்கும் சோளம், ஆமணக்கு போன்ற செடிகளில் தங்கும். இதைப் படித்ததும் ஓடிப்போய் ஆச்சியின் வேலி ஆமணக்கைப் பார்த்தேன். இலைக்கு அடியில் ஒன்றல்ல, ஏழு உட்கார்ந்திருந்தன. மூன்று கோடு!

5300 கோடி ஈக்கள்

பாவக்காயை நம்மைவிட அதிகம் நேசிப்பவர்கள் ஜப்பானின் ஒகினாவா தீவுக்காரர்கள் என்று நினைக்கிறேன். கோயா என்பார்கள். அவர்களுக்கும் இந்த ஈ வந்தது. 1919ல் யாயெயாமா தீவுகள், 1929ல் மியாகோ, 1970ல் குமே, 1972ல் ஒகினாவா பெரிய தீவு என்று படிப்படியாக வடக்கே ஏறியது. ஜப்பானின் மற்ற பகுதிகளுக்குப் பரவிவிடும் என்பதால் அங்கிருந்து பாவக்காய் போன்ற காய்களைத் தடையில்லாமல் அனுப்ப முடியாமல் போனது. விளைந்தும் விற்க வழியில்லை.

அவர்கள் எடுத்த வழி விநோதமானது. ஈயை ஒழிக்க ஈயையே வளர்த்தார்கள்! தொழிற்சாலை கட்டி, கோடிக்கணக்கில் ஈ வளர்த்து, கூட்டுப்புழுப் பருவத்தில் கோபால்ட் கதிர் காட்டி மலடாக்கி, தீவுகளில் விட்டார்கள். காட்டுப் பெண் ஈ இந்த மலட்டு ஆணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை குறையும். குமே தீவில் 1975ல் விடத் தொடங்கி 1978ல் வெற்றி கண்டார்கள். 1993ல் ஒகினாவா முழுவதிலும் இந்த ஈ ஒழிந்தது என்று அறிவித்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் வேலை, விட்ட ஈக்கள் சுமார் 5300 கோடி. தடை நீங்கியது. கோயா ஜப்பான் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

இந்த முறை வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. மலட்டு ஆண் தன் இனத்துப் பெண்ணோடுதான் சேரும். இனத்தைத் தப்பாகக் கண்டுபிடித்தால் 5300 கோடியும் வீண். 2024ல் ஒகினாவாவில் இதே குடும்பத்தின் இன்னொரு ஈ, ஸியூகோடேகஸ் டாவு, தென்பட்டது. அதற்கும் முதுகில் மூன்று கோடு. ஆனால் இறக்கைக் குறுக்கு நரம்பில் அந்தக் கறை இல்லை. பழைய தொழிற்சாலை ஈயால் இதற்குப் பயன் இல்லை, புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஒரு சின்னக் கறை இருக்கிறதா இல்லையா என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

தப்பாகப் பெயர் வைத்தாலும் சிக்கல்தான். 2003ல் கென்யாவில் புதிதாக ஒரு பழ ஈ வந்து மாம்பழங்களை நாசம் செய்தது. 2005ல் அதைப் புது இனம் என்று சொல்லி இன்வேடன்ஸ், அதாவது படையெடுப்பவன், என்று பெயர் வைத்தார்கள். அந்த ஈ இருக்கிற நாட்டுப் பழங்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பத்து வருஷம் போல ஆராய்ந்து, உடலமைப்பு, மரபணு, இனச்சேர்க்கை எல்லாம் பார்த்து, இது புது இனமே இல்லை, நம் பழைய டார்ஸாலிஸ்தான் என்று 2015 வாக்கில் முடிவானது. ஆச்சியின் மாமரத்து ஈ ஆப்பிரிக்காவில் பத்து வருஷம் வேறு பெயரில் தலைமறைவாக இருந்திருக்கிறது!

நமக்கும் இந்த அடி விழுந்தது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தோடு பாகற்காய், புடலங்காய், கத்திரிக்காய், சேம்பு ஆகியவற்றையும் தடை செய்தது. 2013ல் போன சரக்குகளில் 207ல் பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்தன என்பது காரணம். மாம்பழத் தடை 2015ல் நீங்கியது, காய்களுக்கு அதைவிட நாள் ஆனது. செய்தித்தாளில் அல்போன்சா மாம்பழம் பெரிய எழுத்தில் வந்தது. பாவக்காய் போட்ட விவசாயியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மறுபடியும் பந்தலுக்கு

இத்தனையும் தெரிந்த பிறகு ஆச்சி வீட்டில் என்ன செய்தோம்?

முதலில் குப்பைக்குழியை நிறுத்தினோம். வெம்பின காயைக் குழியில் போட்டது பெரிய தப்பு. புழு துள்ளி மண்ணுக்குள் போய், பத்து நாளில் ஈயாகி, அதே பந்தலுக்குத் திரும்பி வந்திருக்கிறது. எங்கள் மணல் அதற்கு நல்ல வசதி. இப்போது குத்துப்பட்ட பிஞ்சைப் பார்த்த அன்றே பறித்து, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, இரண்டு வாரம் மொட்டை மாடி வெயிலில் போட்டுவிடுகிறோம். பந்தலுக்கு அடியில் மண்ணை வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் கூட்டுப்புழு மேலே வரும், எறும்பும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, பொறியை மாற்றினேன். அதே கடை. இந்த முறை “காய்கறிக்கு அண்ணாச்சி” என்று தெளிவாகச் சொன்னேன். முதல் நாளே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், மூன்று கோடு. பழைய பொறி மாமரத்துக்குப் போய்விட்டது. இரண்டும் ஆண் ஈயை மட்டும்தான் பிடிக்கும் என்பதால் பொறி ஒன்றை நம்பி இருக்க முடியாது.

மூன்றாவது யோசனை ஆச்சியுடையது. கதை முழுக்கச் சொல்லி முடித்ததும், “அப்ப புழு காயில தானா பொறக்கல, வெளிய இருந்து வந்து குத்திட்டுப் போவுது, அப்படித்தான?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய்த் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, சின்னச் சின்னப் பையாகத் தைத்து, பூ உதிர்ந்த ஒவ்வொரு பிஞ்சுக்கும் மாட்டி நூலால் கட்டிவிட்டாள். பல நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் சிறு தோட்டத்துக்குச் சிபாரிசு செய்கிற வழி இதுவேதான். ஆச்சிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குத்துவது யார் என்று தெரிந்ததும் தானே கண்டுபிடித்துவிட்டாள்.

இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். ஆச்சிக்கு அறிவு இல்லாமல் ஒரு பருவம் வீணாகவில்லை. யார் செய்கிறது என்று தெரியாததால் வீணானது. எனக்குப் பாதி தெரிந்து, அதனால் இன்னும் ஒரு மாதம் வீணானது. தெரியாதபோது திருஷ்டி என்றோம். பாதி தெரிந்தபோது தப்பான ஈயைப் பிடித்துச் சந்தோஷப்பட்டோம். முழுக்கத் தெரிந்தபோது ஒரு கிழிந்த வேட்டி போதுமானதாக இருந்தது.

இந்தப் பருவத்தில் பை மாட்டின காய்களில் முக்கால்வாசிக்கு மேல் தேறியிருக்கிறது. வேட்டி போதாமல் போனவை மட்டும் வெம்பின. போன ஞாயிறு பாவக்காய்ப் புளிக்குழம்பு, உடன்குடிக் கருப்பட்டி கொஞ்சம் போட்டு. நான் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பழைய செருப்பு இன்னும் பந்தல் காலில்தான் தொங்குகிறது. “அது பாட்டுக்குக் கெடக்கட்டும்யா” என்கிறாள் ஆச்சி. நானும் அவிழ்க்கவில்லை.

உங்கள் வீட்டில் பாகலோ, புடலோ, பீர்க்கோ இருந்தால் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒருமுறை பிஞ்சுகளைப் பாருங்கள். குளவி மாதிரி ஒரு ஈ உட்கார்ந்திருந்தால் விரட்டுவதற்கு முன்னால் அதன் முதுகைப் பாருங்கள். இரண்டு கோடா, மூன்று கோடா என்று எண்ணிவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.